இன்னொரு கருவியில் இயங்குகிறது

அத்தியாயம் 14

வந்தனாவுக்குப் பொய் சொல்ல வராது. இந்தக் குடும்பத்தோடு முதலிலிருந்தே கூட வருகிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெண் அம்முவின் ஜாதகத்தில் ஒரு கிரகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்திவிடலாம் என்று ஜோசியரே ஆசை காட்டியபோது, "வேண்டாம் மாமா, இருக்கறபடியே எழுதுங்கோ" என்று எழுந்து வந்தவள். அப்பேர்ப்பட்டவள் வியாழக்கிழமையிலிருந்து மாமனாரிடம் பொய்யாக அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று சனிக்கிழமை. விடிந்தால் அம்முவுக்கு நிச்சயதார்த்தம். மாட்டுங்காவில் நேற்று ராத்திரி பிடித்த மழை இன்னும் விடவில்லை. கூடம் முழுக்கச் சீர்த்தட்டுகள். சாயங்காலம் நெருளிலிருந்து சம்பந்தியம்மா நிச்சயப் புடவையைக் கொண்டுவந்து கொடுப்பதாக ஏற்பாடு. அவர்களை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர வேண்டியது, ஹால்காரரைப் பார்க்க வேண்டியது, சமையல்காரருக்குப் பாலுக்குச் சொல்ல வேண்டியது என்று வந்தனாவின் கணவன் அனந்த் காலையிலேயே குடையோடு கிளம்பிவிட்டான்.

"வந்தனா, இன்னிக்கும் அதேதான் சொல்றது" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

மாமனார் வேங்கடசுப்ரமணியன் தட்டுகளுக்கு நடுவில் தன் நாற்காலியை மட்டும் விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார். மடியில் டேப். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையில் இருந்ததைக் கணீரென்று படித்தார்.

"'உங்கள் சந்தா இன்னொரு கருவியில் இயங்குகிறது.' தமிழ் நன்னாத்தான் எழுதறா. பேப்பரைக் குடுக்கறதுதான் இல்லை."

"அவா சர்வர் தகராறுப்பா" என்றாள் வந்தனா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "திங்கட்கிழமைக்குள்ள சரி பண்ணிடறோம்னு சொல்லியிருக்கா."

யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"ஆகட்டும். ஆக்டிவேட் ஆன நிமிஷம் ஜெயராமுக்குப் போன் போடணும். ஒரு மாசமாச்சு அவனோட பேசி. பேப்பர் இல்லாம அவன்கிட்ட என்னத்தைப் பேசறது? குறுக்கெழுத்துல இன்னிக்கு எத்தனை போட்டேம்பான். பேப்பரே வரலைடான்னா சிரிப்பான்."

வந்தனாவின் கையிலிருந்த கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் தட்டியது.

பேப்பரை நிறுத்தியதே அவள்தான். இந்தப் பாவத்தில் அனந்துக்குக்கூடப் பங்கு கிடையாது. மழைக்காலம் வந்தால் பேப்பர் நனைந்து அப்பளமாக வரும். பரணில் பழைய பேப்பர் குவிந்து கரப்பான் குடும்பம் நடத்தும். போதாததற்கு மாமனாருக்குக் கண்ணில் புரை. "டேப் வாங்கிடலாம்ப்பா. ரெண்டு விரலால இழுத்தா எழுத்து பெரிசாகும். கார்த்தால நீங்க காபி குடிக்கறதுக்குள்ள வந்துடும். பழைய பேப்பரெல்லாம்கூட உள்ளேயே இருக்கும், எப்ப வேணாலும் எடுத்துப் படிக்கலாம்" என்று கடைக்காரன் தோற்றான் போங்கள், அப்படிப் பேசினாள். மனுஷர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். "குறுக்கெழுத்து வருமோன்னோ?" என்று ஒரே ஒரு கேள்வி. வரும் என்றதும் சரி என்றுவிட்டார்.

அதற்கப்புறம் பட்ட பாடு இருக்கிறதே! சந்தாவைத் திறக்கிற ஆக்டிவேஷன் கோடு முதலில் அனந்தின் பழைய ஆபீஸ் மெயிலுக்குப் போயிற்று. அந்த மெயில் அவன் வேலை மாறியபோதே செத்துவிட்டது. அழுது புரண்டு வாங்கிய இரண்டாவது கோடில் ஒரு வட்டம் இருந்தது. அது பூஜ்யமா, எழுத்தா? இரண்டையும் போட்டுப் பார்த்ததில், அதிகம் தவறிவிட்டீர்கள், நாளை வாருங்கள் என்றது. ஓ.டி.பி. வந்தாலோ வந்தனாவின் போனுக்கு வரும். அவள் அப்போது குர்லா பாலத்தில் ஜன நெரிசலில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருப்பாள். அங்கிருந்து கத்திக் கத்தி எண்ணைச் சொல்லி, மாமனார் ஒற்றை விரலால் தட்டி முடிப்பதற்குள் நேரம் கடந்திருக்கும். ஒருநாள், நீங்கள் இயந்திரம் இல்லை என்று நிரூபியுங்கள், பஸ் தெரிகிற கட்டங்களைத் தொடுங்கள் என்றது. பஸ்ஸின் சக்கரம் மட்டும் தெரிந்தால் அது பஸ்ஸா இல்லையா என்று மாமனார் அனந்தோடு அரைமணி வாதாடினார். கஸ்டமர் கேரில் தமிழுக்கு எண்ணை அழுத்தினால் ஹிந்திக்காரர் எடுத்தார். அதுவாவது போகட்டும், சந்தாவை இரண்டு வருஷமாக்கிக்கொள்ளச் சொல்லி, தெரியாத எண்களிலிருந்து வந்தனாவுக்கு வேளாவேளைக்குப் போன் வர ஆரம்பித்தது. அவள் எடுக்காமல் கட் பண்ணக் கற்றுக்கொண்டாள்.

போன திங்கட்கிழமை, செம்பூர் ஆபீஸுக்குப் போகிற வழியில், வெறுத்துப்போய்த் தன் போனிலேயே அந்தக் கோடைப் போட்டுப் பார்த்தாள். போட்ட மாத்திரத்தில் திறந்துகொண்டது! ஒரு சந்தாவுக்கு ஒரு கருவிதான். இவள் போனில் 'நீக்கு' என்பதை அழுத்திவிட்டு டேப்பில் போட்டால் தீர்ந்தது. ராத்திரி செய்யலாம் என்று நினைத்தாள். ராத்திரி தையல்காரன் ரவிக்கையில் கையை மாற்றித் தைத்துவிட்ட சங்கதி வந்தது. மறுநாள் பூக்காரர். அதற்கு மறுநாள் பட்சணம். அப்படியே தள்ளிக்கொண்டே வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை குர்லாவில் வண்டி மாறினதும் அதிசயமாக ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இப்போதே நீக்கிவிடுவோம் என்று போனை எடுத்தாள். அதற்குமுன் சும்மா நாலு பக்கம் புரட்டினாள். உள்பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டம். உள்ளே ஜெயராம் பெரியப்பாவின் முகம்.

செவ்வாய்க்கிழமை, கோயம்புத்தூரில். வருகிற வியாழக்கிழமை பத்தாம் நாள் கிரியை. வண்டி செம்பூரில் நின்றது, கிளம்பியது. அவள் இறங்க மறந்து அடுத்த ஸ்டேஷன்வரை போனாள்.

ஜெயராம் வேறு யாரோ இல்லை. மாமனாரின் பெரியப்பா பிள்ளை. இவரைவிட இரண்டே மாசம் மூத்தவர். பங்காளி. பத்து நாள் தீட்டு. தீட்டு வந்த வீட்டில் வாசலில் கோலம்கூடக் கிடையாது, நிச்சயதார்த்தம் எங்கே நடக்கும்? ஞாயிற்றுக்கிழமையை விட்டால் ஆனியில் முகூர்த்தம் இல்லை. அப்புறம் ஆடி. மாப்பிள்ளை அஷ்வத் செவ்வாய்க்கிழமை விமானம் ஏறுகிறான். அடுத்த லீவு அடுத்த வருஷம்தான். ஏற்கனவே அவனுடைய விசா தகராறில் ஒருதடவை தேதி தள்ளிப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். "இன்னொரு தடவை தள்ளிப்போனா பகவான் வேண்டாம்கறார்னு அர்த்தம்" என்று சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொல்வதுதான் பயம்.

இன்னொன்றும் இருக்கிறது. காதில் விழுந்தால்தான் தீட்டு. விழாதவரை இல்லை. வந்தனாவாகக் கண்டுபிடித்ததில்லை இது. எல்லா வீட்டுப் பெரியவர்களும் சொல்வதுதான். பேப்பர் இவள் போனில். மாமனாருக்குத் தனிப் போன் கிடையாது, கோயம்புத்தூரில் இருப்பதும் இவள் எண் மட்டும். அவருக்குத் தெரிய வேறு வழி? லேண்ட்லைனைப் போன வருஷம் துண்டித்ததும் இவளேதான். நாலு நாள் பொறுத்தால் போதும், திங்கட்கிழமை சொல்லிவிடலாம், பத்தாம் நாளுக்குக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். 'நீக்கு' என்பதை அழுத்தாமல் போனைப் பையில் வைத்தாள்.

ஆபீஸுக்குப் போனபிறகுதான் புதன்கிழமை வந்த இரண்டு போன் ஞாபகம் வந்தது. இரண்டும் கோயம்புத்தூர் எண். சந்தாக்காரன் என்று நினைத்து இரண்டையும் கட் பண்ணியிருந்தாள்.

தீட்டாவது மண்ணாவது என்று ஆபீஸில் பேசுகிறவள்தான். ஆனால் அன்று சாயங்காலம் சுவாமி விளக்கை ஏற்றக் குச்சியைக் கிழித்தவள், ஏற்றாமலே அதை ஊதி அணைத்தாள். மாமனாருக்குக் காதில் விழவில்லை, சரி. இவள் படித்துவிட்டாளே! அம்முவைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னாள். அப்புறம்தான், காதில் விழாவிட்டாலும் பங்காளி ரத்தம் அம்முவுக்குத்தான் என்பது உறைத்தது. ஒருத்தி மறைத்ததில் குடும்பம் முழுக்கக் கறை படிகிறதே!

* * *

பத்து மணிக்கு மழை கொஞ்சம் விட்டது. வந்தனா பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போனாள். பூக்கடைச் சந்தின் முனையில் பேச்சிராஜா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தான். தாராவியிலிருந்து இந்த வட்டாரத்துக்குத் தமிழ்ப் பேப்பர் போடுகிறவன். பேப்பரை நிறுத்தச் சொன்னபோது ஒரு வார்த்தை முகம் சுளிக்காதவன்.

"அக்கா, உங்க வீட்டுக்குத்தான் வாரேன்" என்று பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒரு கட்டை எடுத்தான். "நேத்து ஐயா கீழ எறங்கி வந்தாவ. பழைய பேப்பர் இருந்தாக் கொண்டா, பூ பரப்ப வேணும்னாவ."

"பூ பரப்பவா?"

"அப்படித்தான் சொன்னாவ. எனக்குத் தெரியாதா? படிக்கதுக்குத்தான்! மருமகளுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவான்னு பூ மேல சாக்குச் சொல்லுதாவ. இந்த வாரத்துது மட்டுந்தான் மிச்சம் கெடந்துச்சி. துட்டெல்லாம் வேண்டாம்க்கா, விசேச வீடு. இந்த மழையில தந்தா பூராவும் டல்லு, யாவாரமே இல்ல, சும்மாதானே கெடக்கு."

வந்தனா கட்டை வாங்கிக்கொண்டாள். அவன் தலை மறைந்ததும் ஒரு கடையின் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கிப் பிளாஸ்டிக்கைப் பிரித்தாள். வியாழக்கிழமைப் பேப்பர் நடுவில் இருந்தது. அதை மட்டும் உருவினால், வரிசை வைத்துப் படிக்கிற மனுஷர் உடனே கண்டுபிடித்துவிடுவார். ஸ்டேஷன் சுவரோரம் இருந்த குப்பைத் தொட்டியில் கட்டை அப்படியே போட்டாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

பூவோடு வீடு வந்து சேர்ந்தபோது மாமனார் ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழியில பேச்சிராஜாவைப் பாத்தியோ?"

"இல்லையேப்பா."

"பாவம், இந்த மழைல எங்கே வருவான்" என்று நாற்காலிக்குத் திரும்பினார். அவர் குரலில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. சமையலறைக்குள் போன வந்தனா குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் அழுதாள். குற்றம் செய்கிறவர்களுக்கு அழக்கூட அதிக நேரம் கிடைப்பதில்லை, கல்யாண வீட்டில்.

* * *

"அம்மா, உன் போனைக் குடு. நெருளுக்கு ஹால் லொகேஷன் அனுப்பணும், என்னுது சார்ஜ்ல இருக்கு."

அம்மு மேஜையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வந்தனா தேங்காய்களை எண்ணித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தவள், கையில் ஒரு தேங்காயோடு நிமிர்ந்தாள். கடைசியாக அந்த போனில் எதைத் திறந்து வைத்திருந்தோம் என்று யோசித்தாள். யோசிக்க என்ன இருக்கிறது? மூன்று நாளாக நிமிஷத்துக்கொருதரம் திறந்து பார்ப்பது அந்த ஒரே பக்கத்தைத்தான்.

"அம்மா, இங்க வா."

அம்மு கட்டிலில் உட்கார்ந்து திரையை விரலால் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும். படிப்பது எழுத்துக் கூட்டித்தான்.

"ஜெ... ய... ராம்... இது ஜெயராம் தாத்தாதானே? அரே, பேப்பர்ல போட்டோ வந்திருக்கு! என்ன, ஏதாவது அவார்டா?"

வந்தனா கதவைச் சாத்தினாள்.

"'மறைவு'ன்னா என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டே அம்மு தலையைத் தூக்கினாள். அம்மாவின் முகத்தில் அர்த்தம் எழுதியிருந்தது. சின்னவளாக இருந்தபோது ஜெயராம் தாத்தா இந்தக் கட்டிலில் உட்கார்ந்து அவளுக்குச் சீட்டில் ஏமாற்றி விளையாடுவார். அம்மு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை."

"தாத்தாவுக்குத் தெரியுமா? அப்பாவுக்கு?"

"யாருக்கும் தெரியாது. எனக்குத்தான்."

"பின்ன டேப்ல வராதது...?"

"நான்தான் வரவிடலை."

எதற்காக என்று அம்மு கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. சீர்த்தட்டுகள் கூடத்தில் இருந்தன. கொஞ்ச நேரம் அழுதாள். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாக, ஆனால் தெளிவாகப் பேசினாள்.

"மண்டே சொல்லிக்கலாம்மா."

"அம்மு..."

"கேளு. நாளைக்கு ஒரு நாள்தானே? தாத்தா மண்டே படிக்கட்டும். நான் வேணா இப்போ அந்த டேப்பை ரீசெட் பண்ணிடறேன். மறுபடி முதல்லேர்ந்து எல்லாம் போடணும், ரெண்டு நாள் ஆயிடும். தாத்தாவுக்கு என்ன தெரியப்போறது? மழையில நெட் போயிடுத்துன்னு சொல்லிடலாம். ஏற்கனவே ஒரு தடவை தள்ளிப்போச்சு, இன்னொரு தடவை என்னால முடியாதும்மா. பிளீஸ்."

வந்தனா அவளைப் பார்த்தாள். மூன்று நாளாகத் தான் தட்டுத்தடுமாறி, நாக்கு உலர்ந்து சொன்ன பொய்களைவிட இது எவ்வளவு நேர்த்தியாக இருந்தது! பிடி கொடுக்காத பொய். பெண்ணுக்கு இதெல்லாம் வராதே. ஒருநாள் புது வீட்டுக்குப் போகப்போகிற பெண்ணுக்கு அம்மா கட்டிக்கொடுக்கிற சீர் இதுதானா என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசிற்று.

"போனைக் குடு" என்றாள்.

"அம்மா, என்ன பண்றே?"

வந்தனா 'நீக்கு' என்பதை அழுத்தினாள். உறுதிதானா என்று அது கேட்டது. இத்தனை நாள் எத்தனையோ கேட்ட ஆப், இதை ஒருதடவைதான் கேட்டது. ஆம் என்று தட்டினாள். கறுப்புக் கட்டமும் ஜெயராம் பெரியப்பாவும் திரையிலிருந்து போனார்கள்.

"நான் போய் தாத்தாகிட்ட சொல்லப்போறேன். உனக்கு என் மேல எவ்வளவு கோபம் வந்தாலும் சரி."

அம்மு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

* * *

சொல்லப்போகிறேன் என்று கிளம்பினாளே ஒழிய, கூடத்துக்கு வந்ததும் வந்தனாவின் வாய் வேறு ஒன்றைத்தான் சொல்லிற்று.

"அப்பா, இப்போ ஒருதடவை போட்டுப் பாருங்கோ."

அவர் ஒற்றை விரலால் கோடைத் தட்டினார். திரையில் சக்கரம் சுற்றியது. சுற்றி நின்றது.

"வந்துடுத்து!" என்று கத்தினார். எண்பது வயசு மனுஷர் கையைத் தட்டியதை வந்தனா அன்றுதான் பார்த்தாள். "வந்துடுத்து வந்தனா! ஆஹா, என்ன பளிச்சுனு இருக்கு!" இரண்டு விரலை வைத்து இழுத்தார். எழுத்து பெரிதாயிற்று. இன்னும் இழுத்தார். தலைப்பில் இருந்த ஒரு எழுத்து திரை முழுக்க நின்றது. குழந்தை மாதிரி சிரித்தார். "நீ சொன்னது அத்தனையும் வாஸ்தவம். நான்தான் நம்பலை."

"பழைய பேப்பர்..." என்றாள் வந்தனா.

"அதைத்தான் பாக்கறேன். இதோ இருக்கே, நீ நிறுத்தின நாள்லேர்ந்து! நான் வரிசையாத்தான் வருவேன். நடுவில குதிச்சா முந்தின நாள் குறுக்கெழுத்துக்கு விடை தெரிஞ்சுடும். ஜெயராம் அதைத்தான் பண்ணுவான், திருட்டுப் பய." திரையைத் தள்ளித் தள்ளி ஜூன் மாதத்துக்குப் போய்விட்டார். "போனைக் குடு. முதல்ல அவனுக்குச் சொல்லணும்."

இப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் கையை நீட்டி, அவள் பிடியிலிருந்த போனை வாங்கி, மனப்பாடமாக எண்ணைத் தட்டிக் காதில் வைத்துக்கொண்டார். மணி போய்க்கொண்டிருந்தது. யாரும் எடுக்கக் கூடாதே என்று வந்தனா வேண்டிக்கொண்டாள். எந்த முகத்தோடு எந்தச் சாமியிடம் வேண்டினாளோ தெரியாது. யாரும் எடுக்கவில்லை.

"தூங்கறானோ என்னமோ" என்று போனைத் தொடையில் வைத்துக்கொண்டு ஜூன் மாதக் குறுக்கெழுத்தில் இறங்கினார்.

வந்தனா அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, டேப்ல ஒரு தப்பும் இல்லை. சர்வர்லயும் இல்லை. பேப்பர் என் போன்ல வந்துண்டிருந்தது."

"தெரியும்மா" என்றார் அவர், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

வந்தனாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இன்னொரு கருவின்னு தினம் தமிழ்ல எழுதிக் காட்டித்தே. இந்த ஆத்துல அந்தக் கோடு வேற யார்கிட்ட இருக்கு? நீ ரெயில்ல படிக்கறேன்னு நெனச்சேன். நீ காலை மடக்கி உக்கார்றதே அந்தக் குர்லா வண்டிலதான். படிச்சுட்டுப் போகட்டும், நிச்சயம் ஆகட்டும், அப்பறம் கேட்டுக்கலாம்னு இருந்தேன். நேத்து பேச்சிராஜாகிட்ட சொன்னதுகூட அதனாலதான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவருடைய ஒரே ஆசையை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள். அவரோ, மருமகள் ஆசைப்பட்டுப் படிக்கிறாள் என்று விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஸ்டேஷன் குப்பைத் தொட்டியில் நனைந்துகொண்டிருக்கும் பேப்பர்க் கட்டு அவள் கண்ணுக்குள் வந்து நின்றது.

"நான் ஆசைக்குப் படிக்கலைப்பா. வியாழக்கிழமைப் பேப்பர்ல..."

அவர் தொடையில் இருந்த போன் அடித்தது. திரையில் 'ஜெயராம் பெரியப்பா' என்று ஒளிர்ந்தது.

"பாத்தியா, அவனே கூப்பிடறான்" என்று முகமெல்லாம் மலரப் போனை எடுத்தவர், தரையில் உட்கார்ந்திருந்த வந்தனாவைப் பார்த்தார். உள் கதவோரம் அழுத முகத்தோடு வந்து நின்ற அம்முவைப் பார்த்தார். பிறகு மறுபடி போனைப் பார்த்தார். மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அவர் டேப்பின் மூடியை மெல்ல மூடினார்.

"நான் இன்னும் ஜூன் ஏழாம் தேதிலதான் இருக்கேன், வந்தனா" என்றார். "வியாழக்கிழமைக்கு இன்னும் வரலை. நாளைக்குக் கழிச்சுத்தான் வருவேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ எடுத்துப் பேசு."

போனை அவள் கையில் வைத்துவிட்டு, தட்டுகளை மிதிக்காமல் வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

"ஹலோ" என்றாள் வந்தனா.

"யாரு, வந்தனாவா?" ஜெயராமின் மனைவி, பெரியம்மாவின் குரல். "இப்போ வெங்கிட்டுதான் கூப்பிட்டானா? உள்ளே இருந்தேன், வர்றதுக்குள்ள நின்னுடுத்து. புதன்கிழமை பக்கத்தாத்துப் போன்லேர்ந்து ரெண்டு தடவை பண்ணச் சொன்னேன். ரெண்டு தடவையும் கட் ஆயிடுத்தாம். ஊர்ல இல்லையோன்னு நெனச்சேன்."

"பெரியம்மா..."

"அப்பறம்தான் பேப்பர்ல போடுங்கோன்னு என் மருமானை விரட்டினேன். எதுக்கு அத்தை வீண் செலவு, எல்லாருக்கும் போன்லயே சொல்லியாச்சேன்னான். வெங்கிட்டு கண்ணுல படணும்டான்னேன். அவனுக்காகத்தாம்மா போட்டது. வேற யாருக்குப் போடணும்? எங்களுக்குக் குழந்தையா குட்டியா! பங்காளின்னு தண்ணி விட அவன் ஒருத்தன்தானே. பத்துக்கு வந்துடுவானோன்னோ?"

பெரியம்மா ஒரே ஒருத்தருக்காகப் போட்ட விளம்பரத்தை, அந்த ஒருத்தர் மட்டும் படித்துவிடாதபடி இவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. குளியலறையில் சொம்பு வாளியில் முட்டுகிற சத்தம். தண்ணீர் தலையில் விழுகிற சத்தம். ஒரு சொம்பு, இன்னொரு சொம்பு, நிறுத்தாமல்.

"தாத்தா கார்த்தாலயே குளிச்சாச்சே" என்றாள் அம்மு குழம்பிப்போய். "மறுபடி ஏன் குளிக்கறா?"

வந்தனா கொடியைப் பார்த்தாள். அவருடைய துண்டும் மாற்று வேஷ்டியும் மடித்தபடி அங்கேயே இருந்தன. கட்டிய வேஷ்டியோடு போயிருக்கிறார், பங்காளி சாவு காதில் விழுந்தவர்கள் முழுகுகிற மாதிரி. தெரியாது என்று வாயால் சொன்னவருக்கு, உடம்பால் பொய் சொல்ல வரவில்லை. சீர்த்தட்டில் மஞ்சள் தடவிய லக்னப் பத்திரிகை இருந்தது. நாளைக்கு அதைச் சபையில் எழுந்து வாசிக்க வேண்டியவர் அவர்தான்.

"வந்தனா, லைன்ல இருக்கியோ? வெங்கிட்டு எங்கே?"

"குளிக்கறார், பெரியம்மா."

மறுமுனையில் ஒரு பெரிய மூச்சு.

"குளிக்கறானா? அப்போ சரி. அது போறும் எனக்கு" என்றாள் பெரியம்மா. நாலு நாளாக அடக்கி வைத்திருந்தாளோ என்னவோ, அதற்கப்புறம் அவள் அழுத அழுகையை வந்தனாவால் காதில் வைத்துக் கேட்க முடியவில்லை. காதிலிருந்து எடுக்கவும் முடியவில்லை.

வாசல் மணி அடித்தது. கதவுக்கு வெளியே அனந்தின் குரல். கூடவே, "சாயங்காலம் மழை வலுக்கும்னா, அதான் முன்னாடியே வந்துட்டோம்" என்கிற நெருள் சம்பந்தியம்மாவின் சிரிப்பு.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. குளியலறையின் தாழ்ப்பாள் விலகியது.